பட்டக்காரர் தூளியில் போனார்

பலாப்பழம் அறுப்பதற்கு முன்னால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது மலையில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆலத்தூர் நாட்டு மலையூர்களுக்கெல்லாம் தலைவர், பட்டக்காரர் சின்னுசாமி அன்று அதை மறந்துவிட்டு அறுத்தார். பால் முழங்கைவரை ஏறி, விரலோடு விரல் ஒட்டி, கத்தி கையோடு ஒட்டி, கடைசியில் அவர் எது பழம் எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. நினைப்பெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. உள்ளே அவர் மகள் பாப்பாத்தியின் வயிற்றில் அடிவாரத்து ஆஸ்பத்திரி நர்சம்மா ஒரு மரக்குழலை வைத்துக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்சவேணி என்கிற அந்த நர்சம்மா அடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண். ஜில்லா போர்டு அவளை மாதம் ஒருமுறை மலைக்கு அனுப்பியது. கொஞ்சம் கனத்த உடம்பு. கையில் குடை, தலையில் தகரப்பெட்டி, எட்டு மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஒவ்வொரு ஏற்றத்திலும் நின்று, "இதோட சரி. அடுத்த மாசம் போர்டு வேற ஆளப் பாத்துக்கட்டும்" என்று கல்லிடமும் மரத்திடமும் சொல்லிவிட்டு ஏறுவாள். ஐந்து வருஷமாக அடுத்த மாதமும் அவளேதான் வந்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்தவள் பட்டக்காரரின் கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

"ஏனுங் பட்டக்காரரே, கொழந்தை குறுக்க கெடக்குதுங்க."

"திரும்பாதுங்களா?"

"திரும்பலாம். திரும்பாமயும் போகலாம். முன்னால ரெண்டும் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை மலையில வச்சுப் பாக்க வேண்டாமுங்க. நோம்பிக்குக் காப்புக் கட்டறதுக்குள்ள கீழ கொண்டாந்து சேத்திருங்க. டாக்டரு இருக்காரு, நானும் இருக்கறேன்."

"நடந்து வருவாளா?"

"காலு வீங்கிக் கெடக்கறதப் பாத்தீங்களா? அடுப்படி வரைக்கும் நடக்க முடியல. தூக்கிட்டுத்தான் வரோணும்."

நாட்டுச் சாமியின் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. பட்டக்காரர் கையில் காப்பு ஏறிவிட்டால் பதினைந்து நாள் நாட்டுக்காரர் ஒருவரும் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போகக் கூடாது. வெளியே போனவர் உள்ளே வரவும் கூடாது. அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஆனால் பட்டக்காரரை அடித்துப் போட்டது அந்தக் கெடு அல்ல. தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று நர்சம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அந்த வார்த்தைதான்.

ஆலத்தூர் நாட்டில் மனிதத் தோள்மேல் ஏறிப் போக இரண்டு பேருக்குத்தான் பாத்தியதை. ஒருவர் சாமி. மற்றவர் செத்துப்போனவர். சாமி அல்லாத ஒருவரை நாலு பேர் தூக்கினால் அவர் செத்தவர்தான், மூச்சு ஓடினாலும் சரி. அவருக்குக் கருமாதி வரை செய்து முடித்துவிட வேண்டும். பிறகு அவர் பிழைத்து வந்து வாசலில் நின்று தண்ணீர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. காட்டிலாகா துரை ஒருத்தர் ஒருமுறை நாற்காலியில் மூங்கில் கட்டிக் கொண்டுவந்து, தோளுக்கு ஒரு ரூபாய் என்றார். ஒருவரும் கிட்டே வரவில்லை. துரை முகம் சிவந்து நடந்தே ஏறினார். "உசுரோட இருக்கற துரைய எதுக்குக் கொல்லோணும்" என்றுதான் மலையில் அன்று பேசிக்கொண்டார்கள். இடுப்பிலும் முதுகிலும் தூக்குவதற்குத் தடையில்லை. ஆனால் நிறைமாதக்காரியை முதுகில் கட்டிக்கொண்டு எட்டு மைல் எப்படி இறங்குவது?

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரடிப்பட்டிச் செங்கோடன் மிளகு பறிக்க ஏறின மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாமா என்று அவன் தம்பிமார் நாட்டுக் கூட்டத்தில் வந்து கேட்டார்கள். பட்டக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "முன்னோரு வச்ச கட்ட நான் அவுக்கறதுக்கில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செங்கோடன் எட்டு மாதம் படுக்கையில் கிடந்தான். எலும்பு கோணலாகக் கூடி, இப்போது ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். கூட்டத்துக்குத் தவறாமல் வருவான், கரடிப்பட்டிக்கு உரிய இடத்தில் உட்காருவான், வாயைத் திறக்க மாட்டான். பட்டக்காரர் இருக்கும் பக்கம் திரும்பக்கூட மாட்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பட்டக்காரருக்கு இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருந்தது.

அவர் மனைவி பெருமாயி கிண்ணத்தில் எண்ணெயோடு வந்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த பலாப்பாலைத் தேய்த்துத் தேய்த்து உரித்தாள்.

"கூட்டத்தக் கூட்டுங்க" என்றாள்.

"கூட்டி? ஊரான் புள்ளைக்கு ஒரு நாயம், உம்பட புள்ளைக்கு ஒரு நாயமான்னு செங்கோடன் கேப்பானே."

"கேக்கட்டும். கேக்கறதுக்கு அவனுக்குப் பாத்தியதை இருக்குது. ஒக்காந்து கேட்டுக்கங்க." எண்ணெயை மறுபடி தொட்டுத் தேய்த்தாள்; குரல் தாழ்ந்தது. "ரெண்ட மண்ணுல வச்சாச்சுங்க. மூணாவதுக்குக் குழி வெட்டறப்ப நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்."

பெருமாயி கோபத்தில் சத்தம் போடுகிறவள். சத்தமில்லாமல் சொன்னால் அது நடக்கும். பட்டக்காரர் அன்றைக்கே நாலு ஊருக்கும் ஆள் அனுப்பினார்.

அடிவாரம் போகும் பாதையில் மேலிருந்து கீழாக மேல்வளவு, கரடிப்பட்டி, குழிவளவு, ஊத்துப்பட்டி என்று நாலு ஊர். நாலு ஊர்ப் பெரியவர்களும் மூன்றாம் நாள் மேல்வளவுப் பலாமரத்தடியில் கூடினார்கள். பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். நர்சம்மாவும் ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாக ஏறி வந்திருந்தாள். டாக்டரிடம் சண்டை போட்டு ஆஸ்பத்திரியின் புது ஸ்ட்ரெச்சரைச் சுருட்டி வாங்கி வந்திருந்தாள். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டிவிடுவது மேல் என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

நடுவில் அதைப் பிரித்து வைத்தாள். இரண்டு நீளக் கம்பு, நடுவே கித்தான் துணி, நாலு மூலையிலும் நாலு கைப்பிடி. கூட்டத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட நர்சம்மா, "இப்படிப் படுத்துக்கோணுமுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி, தானே அதில் ஏறி மல்லாந்து படுத்து, கையிரண்டையும் மார்மேல் சேர்த்து வைத்துக் கண்ணையும் மூடிக் காட்டினாள்.

பெண்கள் பக்கத்தில் பாப்பாயிக் கிழவி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருஷமாக நாட்டில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரியைத் தொடங்கி வைப்பது அவள்தான். பாடையில் ஒரு பொம்பளை படுத்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு அந்தக் கிழவியால் சும்மா இருக்க முடியுமா? கொண்டையை அவிழ்த்துவிட்டு, "மகராசி மலையேறி வந்தியே, இப்படி மல்லாந்து போனியே" என்று ராகம் எடுத்துவிட்டாள். பழக்கதோஷம், பக்கத்திலிருந்த இருவரும் மாரில் அடித்துக்கொண்டார்கள். நர்சம்மா துள்ளி எழுந்து, "ஏனுங், நான் சாவலீங்க!" என்று கத்தினாள். செத்தவள் எழுந்து உட்கார்ந்து பேசியதைப் பார்த்த குழந்தைகள் ஓட்டமாக ஓடின. அவற்றைப் பிடித்துக்கொண்டு வர ஒரு நாழிகை ஆயிற்று.

ஸ்ட்ரெச்சரைச் சுருட்டி மரத்துக்குப் பின்னால் மறைத்த பிறகுதான் கூட்டம் ஒரு நிலைக்கு வந்தது. இனிப் பட்டக்காரர்தான் பேச வேண்டும். எழுந்து நின்றார். நின்றபடி பேசிப் பழக்கமில்லை அவருக்கு. கல்மேல் உட்கார்ந்துதான் பேசுவார். இன்றைக்கு அந்தக் கல்லில் உட்காரக் கூசியது.

"செங்கோடா, அன்னைக்கு உன்ற தம்பிமாரு வந்து கேட்டப்ப நான் யோசிக்கவே இல்ல. வெத்தலை மடிக்கற நேரத்துல சொல்லிப்போட்டேன். அது தப்பு. இன்னைக்கு எம்பட புள்ளைக்கு வந்ததுனாலதான் இதச் சொல்றேன், அதுவும் எனக்குத் தெரியும். நீ என்ன கேக்கறியோ கேளு."

நாட்டில் பட்டக்காரர் ஒருத்தர் தப்பு என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல்தடவை. செங்கோடன் கோணல் காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினான். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பட்டக்காரரை நேராகப் பார்த்தான்.

"எட்டு மாசம் மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடந்தனுங்க. எம்பட ஊட்டுக் கூரையில எத்தனை மூங்கி, எத்தனை கட்டுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அதெல்லாம் எண்ணி முடிச்சப்பறம், இந்த நாயத்தத்தான் பொரட்டிப் பொரட்டி நெனச்சேன்." மென்று விழுங்கிக்கொண்டு தொடர்ந்தான். "நாலு தோளுக்குத்தானுங்க கட்டு இருக்குது. ரெண்டு தோளுக்கு யாரும் கட்டு வைக்கலயே?"

"ரெண்டு தோள்ல எப்படித் தூக்குவ?" என்றார் குழிவளவு மாணிக்கம். எதையும் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தே ஒப்புக்கொள்கிற மனிதர்.

"ஒரு மூங்கி, அதுல ஒரு துணி. தூளிங்க. காட்டுக்குப் போறப்ப கொழந்தைய அப்படித்தான கொண்டு போறோம்? தூளியில கெடக்கறது கொழந்தை. அதுக்கு எத்தனை வயசுன்னு எந்தக் கட்டுலயும் சொல்லல."

கூட்டத்தால் தடுக்கவும் முடியவில்லை, ஒப்பவும் முடியவில்லை. மாணிக்கம்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு பேரு மூங்கியில தொங்கப் போட்டுத் தூக்கறது காட்டுப்பன்னியுந்தான். சாமி மேல இருந்து பாத்துட்டுப் பன்னின்னு நெனச்சுக்கிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான சந்தேகம்தானே. பட்டக்காரர் மகளின் உயிர் ஒரு காட்டுப்பன்றியில் வந்து நின்றுவிட்டது. அப்போது பெண்கள் பக்கமிருந்து மாதம்மாள் கேட்டாள். மேல்வளவில் எந்த வீட்டுக் குழந்தை தூங்காவிட்டாலும் அவளைத்தான் பாடக் கூப்பிடுவார்கள்.

"பன்னிக்கு யாருங்க தாலாட்டுப் பாடறாங்க?"

"செத்தவங்களுக்கும் பாட்டு இருக்குதே" என்றார் மாணிக்கம் விடாமல்.

"ஒப்பாரியில பேரு வராதுங்க" என்றாள் பாப்பாயிக் கிழவி. தன் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. "உசுரு போனா பேரும் போச்சு, பொணந்தான். பேரச் சொல்லிப் பாடுனா அது உசுரோட இருக்கற ஆளு."

அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் போட்டார்கள். தூக்குகிறவர் இருவர், பாடுகிறவர் ஒருவர். ஒவ்வொரு அடியின் முடிவிலும் தூளியில் போகிறவர் பெயர் வர வேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் எல்லைக் கல் வரைக்கும் தூக்க வேண்டும். அடுத்த ஊரார் பாட்டை வாங்கிய பிறகுதான் மூங்கிலை வாங்க வேண்டும், நடுவில் அறுபடக் கூடாது. வெறும் தூளிக்குப் பாட்டு கிடையாது. வெறும் தொட்டிலை ஆட்டினாலே குழந்தைக்கு வயிறு வலிக்கும், பாடினால் என்னாகும்? திரும்பி வரும்போது ஆளில்லாவிட்டால் துணியை மூங்கிலில் சுற்றிக்கொண்டு பேசாமல் வர வேண்டும்.

எல்லாம் முடிந்து எழும்போது செங்கோடன் சொன்னான்: "நாட்டுக்குப் புதுசா எது வந்தாலும் மொதல்ல பட்டக்காரருக்குத்தானுங்களே."

புதுச் சாமை அறுத்தால் முதல் கவளம் பட்டக்காரருக்கு. புதுத் தேன் எடுத்தால் முதல் சொட்டு அவருக்கு. அதை மறுத்துப் பேச நாட்டில் யாருக்கும் வாயில்லை, பட்டக்காரருக்கும்கூட.

"எனக்கு என்ன சீக்கு, நான் எதுக்குப் படுக்கறது?"

"சீக்கு வேண்டாமுங்க. பட்டம் இருந்தாப் போதும்" என்றான் செங்கோடன். மூன்று வருஷமாக அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பட்டக்காரரைத் தூளியில் ஏற்றினார்கள். சின்னுசாமி என்பது பெயரில் மட்டும்தான். ஆள் இரண்டு ஆள். முன்னால் மருமகன் ராசு, பின்னால் இன்னொருவன். தூக்கினதும் மூங்கில் முனகிய முனகலில் கோழிகள் கூரையேறின. மாதம்மாள் முன்னே நடந்தபடி ராகம் எடுத்தாள்.

"பலாமரத்து நெழலிருக்கு, பயமில்லாமத் தூங்கு – சின்னுசாமி
பாதையில கல்லிருக்கு, பாத்துப் போவாங்க தூங்கு – சின்னுசாமி"

ஊரே பின்னால் வந்தது. "கண்ணு அழுவாத, சாமி அழுவாத" என்று பெண்கள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். வழக்கம் என்றால் முழுசாகச் செய்ய வேண்டாமா? ஒருத்தி வாயில் சர்க்கரை வைத்தாள். பெருமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்; தோள் மட்டும் குலுங்கியது. பட்டக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாப்பாத்திக்காக, பாப்பாத்திக்காக என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தார்.

முதல் எல்லைக் கல்லில் கரடிப்பட்டிக்காரி பாட்டை வாங்கினாள். மூங்கிலின் முன்பக்கத்தை வாங்கத் தோளைக் கொடுத்தவன் செங்கோடன். "உனக்கெதுக்குடா" என்று தம்பிமார் தடுத்துப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை.

ராசு நடந்தபோது தூளி ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. ஒவ்வொரு குட்டை அடிக்கும் துணி ஒரு பக்கமாக விழுந்து, பட்டக்காரரின் இடுப்பு மூங்கிலில் இடித்தது. நீளம், குட்டை, இடி. நீளம், குட்டை, இடி. கண்ணைத் திறந்தார். மரக்கிளைகளுக்கு நடுவே வானம் கோணிக் கோணிப் போய்க்கொண்டிருந்தது. இந்த மனுசன் மூன்று வருஷமாக ஒவ்வொரு அடியும் இப்படித்தான் வைக்கிறான் என்பது அவர் முதுகுக்குத் தெரிந்தது. வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொன்ன வார்த்தை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. விம்மி விம்மி அழுதார். குழந்தை அழுதால் பாட்டைக் கூட்டத்தானே வேண்டும். கரடிப்பட்டிக்காரி இன்னும் உரக்கப் பாடினாள்.

"ஏனுங், துணி உறுத்துதுங்களா?" என்றான் செங்கோடன் திரும்பாமல்.

"இல்ல சாமி. நீ நட."

அடிவாரத்தில் தாலாட்டும் கூட்டமுமாக ஒரு பெரிய உடம்பு வருவதைப் பார்த்து டாக்டர் பதறி ஓடி வந்தார். சின்ன வயசுக்காரர், வேலைக்குப் புதிது. பட்டக்காரர் தூளியிலிருந்து இறங்கிக் கோவணத்தைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். ஆனாலும் டாக்டர் விடவில்லை, நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் பேசி முடித்தார்கள். ஊருக்கு இரண்டு தோளும் ஒரு குரலும் முறைவைத்துத் தயாராக இருக்கும். கெட்டித் துணி ஆஸ்பத்திரி கொடுக்கும். நர்சம்மா மாதம் இரண்டு முறை வருவாள் என்று டாக்டர் சொன்னபோது அவள் குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள், ஆனால் மறுக்கவில்லை. பாட்டு அறுபடக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரி வாசல்தான் ஐந்தாவது எல்லை; அங்கே பாட்டை வாங்க ஆஸ்பத்திரியில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார் மாணிக்கம். அன்று சாயங்காலம் டாக்டர் இரண்டடி தாலாட்டுக் கற்றுக்கொண்டார். சுதி சேரவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால், டாக்டர் அனுப்பிய அறிக்கையைப் பார்த்துவிட்டு, பாடுகிறவர் எதற்கு என்று ஜில்லா போர்டிலிருந்து கேட்டு எழுதினார்களாம். பாடாவிட்டால் நோயாளி பன்றியாகிவிடுவார் என்று நர்சம்மா உள்ளதை உள்ளபடி பதில் எழுதினாள். டாக்டர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு 'வழிகாட்டி' என்று எழுதி அனுப்பினார்.

அன்று வெறும் தூளியைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் மலையேறினார்கள். ஏற்றத்தில் பட்டக்காரரை யாரும் தூக்கவில்லை.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் பாப்பாத்தி இறங்கினாள். கூடப் பெருமாயியும் ராசுவும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவள் பாப்பாத்தி. தூளியில் படுத்ததும் அப்பாவைப் பார்த்து, "நீங்க போனப்ப வளஞ்ச மூங்கி எனக்கு வளையவே இல்லீங்களே அப்பா" என்றாள். பட்டக்காரர் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. எல்லைக் கல்லில் நின்று, பாட்டு குரல் மாறி, மறுபடி குரல் மாறி, கீழே இறங்கிக் காதுக்கு எட்டாமல் போகும்வரை கேட்டார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் பாப்பாத்தி, பாப்பாத்தி என்று மலை சொல்லிக்கொண்டே போயிற்று.

மறுநாள் அவர் கையில் காப்பு ஏறியது. பதினைந்து நாள் மேலேயிருந்து ஈ எறும்பு இறங்கவில்லை, கீழேயிருந்து ஒரு சேதி ஏறவில்லை. சாமிக்குப் படைக்க வேண்டிய தினையை மரவள்ளிக்கிழங்குக் கூடையில் கொட்டினார். பொங்கலுக்கு உப்பு இரண்டு தடவை போட்டார். எல்லோரும் அப்படியே சாப்பிட்டார்கள். குறுக்கே கிடந்தது திரும்பியிருக்குமா என்பது ஒன்றைத்தான் அவர் சாமியிடம் கேட்டார். வேறு வரம் கேட்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பதினாறாம் நாள் கோழி கூவக் காப்பை அறுத்தார்கள். ஊத்துப்பட்டிக்காரர்கள் பாப்பாத்தியைக் கொண்டுவரத் தூளியோடு கீழே இறங்கிவிட்டார்கள் என்று குழிவளவிலிருந்து கூவல் வந்தது. பட்டக்காரர் எல்லைக் கல்லுக்கு வந்தபோது மாதம்மாள் முன்னமே அங்கே நின்றாள். பாட்டை வாங்க வந்தாளா, அவருக்குத் துணைக்கு வந்தாளா என்று சொல்லவில்லை. பனி இறங்கிப் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இரண்டு பேரும் காதைத்தான் நம்பி நின்றார்கள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் வந்தால் துணி சுற்றித்தான் வருகிறது என்று அர்த்தம். அந்த நினைப்பு வந்ததும் பட்டக்காரர் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, எங்கேயோ அடியில், ராகம் வந்தது. வார்த்தை தெரியாத வெறும் ராகம். கொஞ்சம் ஏறியது. கரடிப்பட்டிக்காரி குரல்.

"...பயமில்லாமத் தூங்கு – பாப்பாத்தி..."

"இருக்கறாளுங்க" என்றாள் மாதம்மாள். பட்டக்காரருக்கு மூச்சு திரும்பியது. மகள் இருக்கிறாள். அந்த ஒன்றுக்கே நூறு பொங்கல் வைக்கலாம். ஆனால் மகள் மட்டுமா? போன இரண்டு தடவையும் மகள் மட்டும்தான் மிஞ்சினாள். அடுத்த அடிக்குக் காதைத் தீட்டினார்.

"பாதையில கல்லிருக்கு, பாத்துப் போவாங்க தூங்கு..."

அடி முடிகிற இடத்தில் பெயர் வரவில்லை. ராகம் மட்டும் ஒரு இழுப்பு இழுத்து நின்றது.  பேரு போச்சுன்னா பொணந்தான் என்று பாப்பாயிக் கிழவி சொன்னது காதில் கேட்டது. மறுபடி முதல் அடி. அதில் பாப்பாத்தி வந்தாள். மறுபடி இரண்டாம் அடி; அதில் யாரும் வரவில்லை. முதல் அடிக்கு ஒரு ஆள், இரண்டாம் அடிக்கு இன்னொரு ஆள் என்பதுபோல அந்தக் கரடிப்பட்டிக்காரி வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் பாடினாள். செத்தவருக்கு இந்த மலையில் யார் தாலாட்டுப் பாடுகிறார்கள்? பெயர் போனவர்களை விட்டால், பெயர் இல்லாதவர்கள் வேறு யார்? நாட்டுச் சாமி முன்னால் தாய்மாமன் மடியில் வைத்துப் பெயர் சூட்டும்வரை பச்சைக் குழந்தைக்குப் பெயர் ஏது—

"மாதம்மா" என்றார். 

பனிக்குள்ளிருந்து மூங்கில் முனகும் சத்தம் கிட்டே வந்தது. நீளம், குட்டை. நீளம், குட்டை. முன்பக்கத்தில் யார் தோள் என்று பார்க்கத் தேவையே இல்லை. துணி நன்றாகக் கனத்துத் தொங்கிக்கொண்டு வந்தது. பின்னால் பெருமாயி யாரையோ, "மெதுவாப் போங்கன்னா கேக்கறீங்களா" என்று சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டு வந்தாள்.

எல்லைக் கல்லில் பாட்டை வாங்கியாக வேண்டும். மாதம்மாள் வாயைத் திறப்பதற்குள் பட்டக்காரர் தொடங்கிவிட்டார். பிறந்தது முதல் பாடி அறியாத தொண்டை. ராகம் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். முதல் அடியில் மகள் பெயரைச் சொன்னார். இரண்டாம் அடியைப் பாடி, பெயர் வரவேண்டிய இடத்துக்கு வந்து, வாயைத் திறந்தபடி நின்றார். செங்கோடன் நின்றான், மூங்கில் நின்றது, பெருமாயி நின்றாள். அந்தக் காலி இடத்துக்குள் தூளியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு தும்மல் கேட்டது.